சொந்தமா என்று கேட்டார்கள்

அந்தக் குழந்தையின் தலை உடம்புக்குப் பெரிதாக இருந்தது. பத்து மாதப் பெண் குழந்தை. வார்டுக்குள் போனதும் முதலில் அதைத்தான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற தாயைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தால் எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை.

அப்போது கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் எனக்குப் பயிற்சியின் இரண்டாம் வருடம். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். குண்டசாலையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். அந்த வீட்டுக்கார அம்மா என் பெயரைப் பொலிஸில் பதிந்துவிட்டுத்தான் சாவியைத் தந்தார். காலையில் பஸ்ஸில் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருப்பேன். சோதனைக்கு ஏறும் பொலிஸ்காரர் கேட்பதற்கு முன்பே சுத்தமான சிங்களத்தில் பேச்சைத் தொடங்கிவிடுவேன். அட்டையில் பெயரைப் படித்த பிறகுதான் அவர்கள் முகம் மாறும். அந்த இடைப்பட்ட ஒரு நிமிடம் எனக்குப் பெரிய வெற்றியாக இருந்தது.

புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதியவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கமே கிடையாது. ஆனால் பயிற்சிக்கு வந்த இடத்தில், ஊர் எது என்று கேட்டால் ‘புசல்லாவை டவுன்’ என்பேன். யாரோ ஒருத்தி என் அப்பாவுக்குக் கடை இருப்பதாக நினைத்துக்கொண்டாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

முதல் வருடத்தில் ஒரு வகுப்பு. இரத்த உறவுக்குள் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்குச் சில அபூர்வ நோய்கள் கூடுதலாக வரும் என்று விரிவுரையாளர் சொன்னார். எனக்குப் பின்னால் இருந்தவள் சிங்களத்தில் மெதுவாக, “தோட்டத்தில கல்யாணத்துக்கு பஸ் பிடிக்கத் தேவையில்லையே. அடுத்த காம்பராக் கதவைத் தட்டினால் போதும்” என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அம்மா கட்டியிருப்பது தன் சொந்தத் தாய்மாமனை. எனக்கும் ஒரு மாமன் மகனைச் சின்னதிலேயே பேசிவைத்திருந்தார்கள். “நான் படிச்சவ, எனக்கு இந்த அசிங்கம் வேணாம்” என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கண்டிக்கு பஸ் ஏறியிருந்தேன்.

அன்று புதன்கிழமை. வார்டில் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள். குழந்தையை ஸ்கேனுக்குக் கொண்டுவரவும் வேண்டியிருந்ததால், வகுப்பில் அதைச் சொன்ன அந்தப் பின்வரிசைக்காரியும் என்னோடு வந்தாள். குழந்தை மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கடுமையாகப் பேசுவார். ஆனால் யாருடைய பிள்ளை என்று பார்த்துப் பேசுபவர் அல்ல. அவரைச் சுற்றி நான்கைந்து மாணவர்கள் நின்றார்கள்.

தாய்க்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என் முகத்தையும் பெயர் அட்டையையும் பார்த்துவிட்டு அவள் முகம் விரிந்தது.

“தங்கச்சி, நீங்க நம்ம பக்கமா?”

“மிஸ்னு கூப்பிடுங்க” என்றேன்.

“சரிங்க மிஸ்.”

மருத்துவர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். அவள் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன்.

“நல்லாத்தான் மிஸ் இருந்துச்சு. தவழப் பாத்துச்சு. தல மட்டும் கொஞ்சம் பெருசு, அதுக்கு எல்லாரும் அறிவுக்காரப் பிள்ளைனு சொல்லுவாங்க. போன கெழம காய்ச்சல். மூணாம் நாளு கைய முறுக்கிக்கிட்டு ஒரு மாதிரி இழுத்துச்சு. அதுக்கப்புறம் தூக்குனா ஈரத்துணி மாதிரி தொங்குது.”

விழுந்ததா? இல்லை. யாரும் தவறவிட்டார்களா? இல்லை. அதன் பிறகு மருத்துவர் தாளைப் பார்த்தபடியே கேட்டார்: “தாயும் தகப்பனும் சொந்தமா?”

நான் கேட்டேன். அவள் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். “ஆமாங்க மிஸ், எங்க அம்மா கூடப்பொறந்த தம்பியத்தான் கட்டியிருக்கேன். நான் பொறந்தப்பவே பேசி வச்சதுங்க. வெளிய குடுக்க எங்க அம்மாவுக்கு மனசில்ல.”

“இவ்வளவு நீளமா என்ன சொல்றா?” என்று பின்வரிசைக்காரி என் காதருகே கேட்டாள். அவள் கண்ணில் வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு தயாராக இருந்தது. அல்லது அப்படி இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

“இல்லை மேடம்” என்றேன் மருத்துவரிடம். “ஒரே தோட்டம். சொந்தம் இல்லை.”

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னப் பிள்ளைகளை ஸ்கேன் எடுப்பது பெரியவர்களை எடுப்பது போல் அல்ல. அசையாதே என்று சொல்லி அசையாமல் வைக்க முடியாது. தூக்க மருந்தைச் சிறு கரண்டியால் ஊட்டி, தாயின் மடியிலேயே தூங்கவிட்டு, பிறகு துணியால் சுற்றி, தலையின் இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்து, நெற்றியில் பட்டி போட்டு மேசையில் கிடத்துவோம். மருந்து தெளிவதற்குள் முடித்துவிட வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அன்றைக்கும் ஒரே தடவையில் முடித்தேன். திரையில் மூளை கீழிருந்து மேலாக ஒவ்வொரு துண்டாக வந்தது. முன்பக்கமும் காதுப்பக்கங்களும் சுருங்கிக் கிடந்தன. இரண்டு பக்கமும் மடிப்புகள் திறந்து, கறுப்பாகப் பெரிய இடைவெளிகள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு மெல்லிய இரத்தப் படலம்.

“யாரோ பிள்ளையைப் பிடிச்சு உலுக்கியிருக்கான்” என்றார் எங்கள் மூத்த தொழில்நுட்பவியலாளர். அவருக்குத் தெரிந்தவரையில் விழாத பிள்ளையின் தலைக்குள் இரத்தம் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்று எனக்கும் அவ்வளவுதான் தெரியும். வார்டில் இருந்து பொலிஸுக்குச் சொன்னார்கள். அப்படி ஒரு படம் வந்தால் சொல்லியாக வேண்டும்.

பின்னேரம் பிள்ளையைப் பார்க்கத் தகப்பன் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறான். விசாரித்திருக்கிறார்கள். அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். அவனிடம் இருந்தது தோட்டத்து ஆபீஸ் கொடுத்த ஒரு கடிதம் மட்டும்தான். அட்டைக்கு எழுதிப்போட்டு ஒரு வருடம் ஆகியும் வரவில்லை. எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு அன்று அதே நிலைமைதான். பிள்ளையை அடித்தவன் என்று கூட்டிப்போனவனை அட்டை இல்லாத தமிழன் என்றும் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலையில் அந்தத் தாய் ஸ்கேன் அறை வாசலில் வந்து நின்றாள்.

“மிஸ், எங்க மாமாவக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.” புருஷனைத்தான் மாமா என்றாள். என் அம்மாவும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். “அவரு பிள்ளையத் தூக்கவே பயப்படுவாரு மிஸ். தல பெருசா இருக்கு, கழுத்து ஒடிஞ்சிரும்னு நான் மடியில வச்சுக் குடுத்தாத்தான் தொடுவாரு. அவரு அடிச்சாருன்னு சொல்றாங்களே.”

“விசாரிச்சுட்டு விட்டுருவாங்க” என்றேன். கதவைச் சாத்த வேண்டியிருந்தது. உள்ளே அடுத்த நோயாளி காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை, படங்களை வாசித்து அறிக்கை எழுதும் வைத்தியர் வரும் நாள். வெளிச்சப் பெட்டியில் படங்களை மாட்டிக்கொடுப்பது என் வேலை. பின்வரிசைக்காரி பக்கத்தில் நின்று பதிவுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தையின் படத்துக்கு முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப்போய்ப் பார்த்தார்.

“அடிச்ச அடி இரண்டு பக்கமும் இப்படி ஒரே அளவாக விழாதே” என்றார்.

பிறகு எங்களுக்கு விளக்கினார். சாப்பாட்டில் உள்ள புரதத்தின் ஒரு பகுதியை உடைக்க முடியாத உடம்போடு சில பிள்ளைகள் பிறக்கின்றன. அது அமிலமாகத் தேங்கி மூளையைக் கெடுக்கும். காய்ச்சல் வந்தால் இரண்டு நாளில் பிள்ளை விழுந்துவிடும். தலை பெரிதாக வளரும், உள்ளே மூளை சுருங்கும், நடுவில் உள்ள இரத்தக்குழாய்கள் இழுபட்டுத் தாமாகவே கசியும். பிற நாடுகளில் இதைப் பார்த்துவிட்டுப் பெற்றவர்களைக் குற்றவாளிகளாக்கிய கதைகள் உண்டு. தான் நேரில் ஒரே ஒரு தடவை பார்த்திருப்பதாகச் சொன்னார்.

“பெரும்பாலும் சொந்தத்துக்குள் முடித்தவர்களின் பிள்ளை” என்று சொல்லியபடி தாளை எடுத்தார். வாசித்தார். “ஆனால் இங்கே சொந்தம் இல்லை என்று இருக்கிறதே. அப்படியென்றால் நான் இல்லாததை வலிந்து சொல்கிறேன் போல.”

படங்களைக் கழற்றி உறையில் போடத் தொடங்கினார்.

உண்மையைச் சொல்வதற்கு அந்த அறையில் அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்க முடியாது. ‘சேர், நான்தான் மாற்றிச் சொன்னேன்’ என்று சொன்னால் போதும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“சேர், நான் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா?”

“முதல் தடவை சரியாகக் கேட்டதுதானே?”

“கேட்டேன் சேர். சில நேரம் இவங்க மறைப்பாங்க.”

இவங்க என்று சொன்னேன்.

வார்டுக்கு நடந்தேன். தாய் குழந்தையின் வாயோரம் வழிந்த பாலைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். “மாமாவப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா மிஸ்?” இல்லை என்றேன். கேட்டதாகக் காட்ட, ஒரு கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்கும் நேரம் அங்கே நிற்க வேண்டியிருந்தது. “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

“தாய்மாமன்தான் சேர். பயந்துபோய் முதலில் மறைத்திருக்கிறாள்.”

வைத்தியர் உறையிலிருந்து படங்களை மறுபடி இழுத்தார். “பயமா? இதில் என்ன பயம்? என் அம்மாவும் அப்பாவுமே மச்சான் மச்சினி. எங்கள் ஊரில் மாமன் மகன் இருக்கும்போது வெளியே பெண் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள்” என்று சிரித்தார்.

“எங்கட ஆச்சியும் சீயாவும், அம்மாவைப் பெத்தவங்க, அப்படித்தான் சேர்” என்றாள் பின்வரிசைக்காரி, பதிவுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டே. அவள் அதை மறைக்க வேண்டிய ஒன்றாகவே நினைத்திருக்கவில்லை.

குழந்தை மருத்துவருக்கு உடனே தொலைபேசியில் சொன்னார்கள். சிறிது நேரத்தில் அவர் வந்து என்னையும் அழைத்துக்கொண்டு வேகமாக வார்டுக்குப் போனார். கட்டிலருகே நின்றதும் சிங்களத்தில் வெடித்தார்.

“ஏன் மறைச்சாய்? இந்தப் பிள்ளைக்கு நான் முதல் நாளே வேறு வைத்தியம் பார்த்திருப்பேனே. உன் புருஷன் பொலிஸில் கிடக்கிறான். கேள் இவளிடம், எதுக்காக மறைச்சாள் என்று கேள்.”

கேட்க வேண்டியது நான். நான் தாயின் பக்கம் திரும்பினேன். “டொக்டர் கேக்குறாங்க…” என்று தொடங்கினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ கணித்துப் பார்க்கிறவள் போல இருந்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்த்துக் கைகூப்பினாள். உடைந்த சிங்களத்தில், “என் பிழைதான் நோனா. மன்னிச்சுக்கங்க” என்றாள்.

அவளுக்குச் சிங்களம் விளங்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தோட்டத்து எல்லையில் சிங்களக் கிராமம், அங்கே மரக்கறி வாங்கப் போய் வருபவள். பேச அவ்வளவு வராது, விளங்கும். அப்படியென்றால் புதன்கிழமையே விளங்கியிருக்கிறது.

மருத்துவர் கோபம் தணிந்து பொலிஸுக்குக் கடிதம் எழுதப் போனார். நானும் அவளும் நடைபாதையில் நின்றோம்.

“அன்னைக்கே தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்.”

“பிறகு ஏன் அப்பவே சொல்லல?”

“நீங்க படிச்சவங்க. ஏதோ காரணமாத்தான் இல்லேனு சொல்றீங்க, சொந்தம்னு சொன்னா வைத்தியம் பாக்கமாட்டாங்க போலனு நெனச்சேன்.”

“இப்ப?”

“இப்ப மாமாவ வெளிய எடுக்கணும். அங்க வந்து பேச உங்களவிட்டா யாரு இருக்கா?” என்றாள். “உங்கள நான் காட்டிக்குடுத்தா நீங்க வருவீங்களா?”

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “கடுதாசிய வாங்கிட்டு வாங்க, போவோம்” என்றாள்.

போனோம். பொலிஸில் கடிதத்தை வாசித்தார்கள், தொலைபேசியில் உறுதி செய்தார்கள், என் அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். இருட்டுவதற்கு முன் அவனை வெளியே விட்டார்கள். ஒல்லியான ஆள். சட்டையில் மேல் பொத்தான்கள் இரண்டு இல்லை. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டே நடந்தான். என்னைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டான். “பெரிய உதவி செஞ்சீங்க மிஸ்” என்றான். அவள் அதைக் கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள்.

குழந்தையின் சிறுநீரை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்து, அந்த நோய்தான் என்று உறுதியாகக் கடிதம் வரப் பல மாதம் ஆனது. பிள்ளை பழையபடி ஆகவில்லை. காய்ச்சலின்போது கெட்டது கெட்டதுதான், அந்த மூன்று நாளால் எதுவும் கூடவில்லை, குறையவில்லை என்று மருத்துவர் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதை நான் பலநாள் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் கணக்கில் அந்த ஆறுதல் சரி. பொலிஸில் இருந்த இரண்டு இரவுகளுக்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது. இரண்டு வயது முடிவதற்கு முன் ஒரு மழைக்காலத்தில் பிள்ளை போய்விட்டதாக வார்டில் கேள்விப்பட்டேன். இறந்த வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து அது அடுத்த மலைதான்.

நான் பயிற்சி முடித்து அதே இடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவள் இரண்டாவது பிள்ளையோடு வந்தாள். ஆண் குழந்தை, நான்கு மாதம். பிறந்தவுடனேயே சோதித்து, அதற்கும் அதே நோய் என்று தெரிந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை முன்கூட்டியே தெரியும். பாலை அளந்து கொடுத்தார்கள். காய்ச்சல் லேசாக அடித்தாலும் வீட்டில் வைத்திருக்காமல் கொண்டுவந்து சேலைன் ஏற்றினார்கள். மூளை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் ஸ்கேன். மூத்த பிள்ளைக்கு நடந்தது இதற்கும் தொடங்கியிருக்கிறதா இல்லையா என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

குழந்தை மருத்துவரும் மாணவர்களோடு வந்தார். வாசலிலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார். “இந்தத் தாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளையின்போது சொந்தத்தை மறைத்துவிட்டாள். இப்படியானவர்களிடம் இரண்டு தடவை கேட்க வேண்டும்.” மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அவள் தூக்க மருந்தில் கிடந்த குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். யாரும் கேட்காமலே, பிசகில்லாத சிங்களத்தில் சொன்னாள்: “என் புருஷன் என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. நாங்கள் நெருங்கிய இரத்த சொந்தம்.” யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலும், மருந்து எடுக்கும் இடத்திலும், ஊசி போடும் இடத்திலும் இதையே முதலில் சொல்கிறாள் என்று தாதி ஒருத்தி பிறகு சொன்னாள். நடுவில் இன்னொரு ஆள் தேவைப்படாதபடி அவள் அந்த ஒரு வசனத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

“பார்த்தீர்களா, இப்போது கற்றுக்கொண்டாள்” என்றார் மருத்துவர். மாணவர்கள் சிரித்தார்கள்.

“அவங்க அன்றைக்கே சொன்னாங்க மேடம்” என்றேன்.

குரல் எனக்கே கேட்கும்படி இருந்ததா என்று தெரியவில்லை. மறுபடி சொன்னேன். “முதல் நாளே தாய்மாமன் என்று சொன்னாங்க. நான்தான் இல்லை என்று சொன்னேன். அவங்க எதையும் மறைக்கல.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்றும் விரும்பினேன். “ஏன்?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னேன். எதற்கு வெட்கம் என்று அவருக்கு விளங்கவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. எழுதியதை வெட்டச் சொல்லி மாணவர்களிடம் சொன்னார். சிலர் வெட்டினார்கள்.

நான் அந்தத் தாயின் பக்கம் திரும்பினேன். தமிழில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் குழந்தையின் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசிக்கிட்டு நிக்காதீங்க மிஸ்” என்றாள். “மருந்து தெளிஞ்சிரும். பிள்ளையப் படுக்க வைங்க.”

வாங்கிக் கிடத்தினேன். பட்டி போட்டேன். ஒரே தடவையில் சரியாக வரவில்லை. தலையை இன்னொரு தடவை நேராக்கிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அவள் ஈய அங்கி போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளையருகே நின்றாள். முதல் துண்டு திரையில் வந்தது, பிறகு அடுத்தது. இரண்டு பக்கமும் இடைவெளி கொஞ்சம் அகலம்தான். மூளை நிறைவாக இருந்தது. இரத்தம் எங்கேயும் இல்லை. அறிக்கை எழுதுகிறவர் வரும்வரை நாங்கள் எதுவும் சொல்லக்கூடாது என்பது சட்டம். நான் எழும்பி நின்று கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்த மருத்துவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.